சாபி சாண்ட் தனியார் வனவிலங்குக் காப்பகம்: சஃபாரிக்குத் திட்டமிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், குரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டி ஏறத்தாழ 65,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது சாபி சாண்ட். சாபி, சாண்ட் என்ற இரண்டு ஆறுகளின் பெயரே காப்பகத்துக்கும் பெயர். நான் மூன்று முறை அங்கே சென்று வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை திரும்பியதும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு காப்பகத்துக்குச் செல்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

தேசியப் பூங்கா இருக்கும்போது தனியார் காப்பகம் எதற்கு?

குரூகர் பூங்கா ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். அங்கே சொந்தக் காரிலேயே சுற்றலாம், செலவும் குறைவு. ஆனால் சாலையை விட்டு இறங்கக் கூடாது, அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரிலிருந்து வெளியே வரக் கூடாது, பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். சாலையிலிருந்து முப்பது அடி தள்ளிப் புதருக்குள் சிறுத்தை படுத்திருந்தால், அதன் வால் நுனியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தனியார் காப்பகத்தில் விடுதியின் திறந்த வண்டியில், பயிற்சி பெற்ற ரேஞ்சரும் தடம் பார்ப்பவரும் உங்களை அழைத்துச் செல்கிறார்கள். சிறுத்தையோ சிங்கமோ தென்பட்டால் வண்டி பாதையை விட்டு இறங்கிப் பின்தொடரலாம். இருட்டிய பிறகும் கைவிளக்குடன் சுற்றலாம். ஒரு விலங்கின் அருகே ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விடுதிகள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. மற்றவர்கள் வானொலியில் பெயர் கொடுத்துவிட்டுத் தொலைவில் காத்திருப்பார்கள்.

பணம் குறைவாகவும் நாட்கள் அதிகமாகவும் இருந்தால் குரூகருக்குத் தயங்காமல் செல்லுங்கள். அது எந்த வகையிலும் குறைந்த அனுபவம் அல்ல. முதலில் பூங்காவில் மூன்று நாள் சொந்தமாகச் சுற்றிவிட்டு, பிறகு தனியார் காப்பகத்துக்குள் நுழைந்தால் இரண்டின் சுவையும் தெரியும்.

அந்தப் பகுதியில் பல காப்பகங்கள் இருக்கின்றன. சாபி சாண்டை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

இரண்டு காரணங்கள். ஒன்று, வேலி இல்லாத எல்லை. 1898-இல் அறிவிக்கப்பட்ட பழைய சாபி காப்பகத்தை விரிவாக்கித்தான் 1926-இல் குரூகர் தேசியப் பூங்காவை உருவாக்கினார்கள். அப்போது மேற்கிலிருந்த தனியார் பண்ணை நிலங்கள் வெளியே விடப்பட்டன. அந்த நில உரிமையாளர்கள் 1948-இல் ஒன்றுசேர்ந்து சாபி சாண்டை அமைத்தார்கள். பின்னர் 1960-களின் தொடக்கத்தில், கால்நடைகளுக்குக் கோமாரி பரவாமல் தடுப்பதற்காகப் பூங்காவின் மேற்கு எல்லை நெடுக வேலி எழுந்தது. காலங்காலமாக மேற்கும் கிழக்குமாகப் போய்வந்த வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்வகைக் கூட்டங்களின் வழி அதோடு அறுந்தது. 1993-இல் சாபி சாண்டுக்கும் பூங்காவுக்கும் இடையிலிருந்த வேலி அகற்றப்பட்டது. இன்று ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டுக்கும் நடுவே எந்தத் தடுப்பும் இல்லை. யானைக்கூட்டம் காலையில் பூங்காவில் மேய்ந்துவிட்டு மாலையில் காப்பகத்து ஆற்றில் நீர் குடிக்கிறது.

இரண்டாவது காரணம், சிறுத்தைகள். ஆற்றோரத்து அடர்ந்த மரங்களும் ஏராளமான இம்பாலா மான்களும் இருப்பதால் இங்கே சிறுத்தைகள் நெருக்கமாக வாழ்கின்றன. பல தலைமுறைகளாக வண்டிகளைப் பார்த்துப் பழகியவை என்பதால் மிரண்டு ஓடுவதில்லை. லண்டோலோசி விடுதியில் 1979-இல் ஜான் வார்ட்டியும், தடம் பார்ப்பவரான எல்மன் ம்லோங்கோவும் ஒரு பெண் சிறுத்தையைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். அதன் வாரிசுகளின் வரலாறு இன்றுவரை பதிவாகி வருகிறது. மீசை மயிர் வரிசைக்கு மேலே உள்ள புள்ளிகளை எண்ணியே ஒவ்வொன்றையும் இன்னதென்று ரேஞ்சர்கள் சொல்லிவிடுகிறார்கள். இன்ன தாயின் மகள், போன வருடம் இந்தக் கரையில் குட்டி போட்டவள் என்று அவர்கள் சொல்லக் கேட்கும்போது, நீங்கள் பார்ப்பது ஏதோ ஒரு சிறுத்தையாக இருப்பதில்லை.

எத்தனை இரவுகள் தங்க வேண்டும்?

மூன்று. முடிந்தால் நான்கு. ஒரே விடுதியில்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பயண முகவர்கள் இங்கே ஓர் இரவு, அங்கே ஓர் இரவு என்று அடுக்கிக் கொடுப்பார்கள். என் முதல் பயணம் அப்படித்தான் அமைந்தது. பெட்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் பகல் கழிந்தது. ரேஞ்சருக்கு எங்கள் ஆர்வம் என்னவென்று புரிவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

ஒரே இடத்தில் தங்கினால் கதை தொடரும். முதல் நாள் மாலை ஒரு பெண் சிங்கம் தனியே நடந்து போவதைப் பார்ப்பீர்கள். மறுநாள் காலை அதன் தடத்தைப் பிடித்துப் போவார்கள், கிடைக்காது. மூன்றாம் நாள் பாறை இடுக்கில் அது குட்டிகளோடு இருப்பது தெரியவரும். மூன்று இரவு என்றால், நாளுக்கு இரண்டாக, வண்டியில் விலங்கு தேடிச் செல்லும் ஆறு சவாரிகள். அவற்றில் இரண்டு வெறுமையாகப் போனாலும் மனம் தளர வேண்டியதில்லை. இரண்டே சவாரிகளுக்கு வந்தவருக்கு ஒரு மழை போதும், எல்லாம் போய்விடும்.

ஆகவே பணம் ஓர் அளவுக்குள் என்றால், விலை உயர்ந்த விடுதியில் இரண்டு இரவு தங்குவதை விட எளிய விடுதியில் நான்கு இரவு தங்குவதே நல்லது.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காலம், மழை இல்லாத காலம். புல் காய்ந்து தாழும், இலைகள் உதிரும், குட்டைகள் வற்ற விலங்குகள் ஆற்றங்கரைக்கு வரும். பார்ப்பதற்கு எளிது. ஆனால் விடியற்காலையில் திறந்த வண்டியில் அடிக்கும் குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும், வண்டி ஓடும்போது காற்று முகத்தை அறுக்கும்.

அக்டோபர், நவம்பரில் மழை தொடங்குகிறது. காடு பச்சையாகிறது, வலசை வரும் பறவைகள் இறங்குகின்றன. நவம்பர் கடைசியில் இம்பாலாக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் குட்டி போடுகின்றன. தள்ளாடும் கால்களோடு நூற்றுக்கணக்கான குட்டிகள் நிற்கும் காட்சிக்காகவே நான் ஒருமுறை மழைக்காலத்தில் சென்றேன். விலங்குகளைத் தேடுவது கடினம், வெயிலும் புழுக்கமும் உண்டு. பெருமழை ஆண்டுகளில் ஆறுகள் கரை புரளும். 2000-ஆம் ஆண்டிலும் 2012-இலும் வந்த வெள்ளங்கள் ஆற்றோர விடுதிகளைக் கடுமையாகத் தாக்கின.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு: நம் கோடை விடுமுறையான மே மாதம் அங்கே மழை முடிந்து குளிர் இன்னும் கடுமையாகாத காலம். கூட்டமும் குறைவு. ஜூன் கடைசி, ஜூலை, டிசம்பர் ஆகியவை தென்னாப்பிரிக்கர்களின் பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் இடம் கிடைப்பது சிரமம்.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நீச்சல்குளத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்பதிவுக்கு முன்பு மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்.

உங்கள் வண்டிகள் எவ்வளவு நிலத்தில் ஓட உரிமை இருக்கிறது? காப்பகம் 65,000 ஹெக்டேர் என்பதால் எல்லா விடுதியும் அத்தனையிலும் ஓட முடியாது. ஒவ்வொன்றுக்கும் சொந்த நிலமும், அண்டை நிலத்தாரோடு செய்த உடன்படிக்கையும் உண்டு. மாலா மாலா விடுதிக்கு மட்டும் ஏறத்தாழ 13,000 ஹெக்டேர் தனியாக இருக்கிறது. சில சிறிய விடுதிகளின் எல்லை மிகக் குறுகியது. பின்தொடர்ந்த சிறுத்தை எல்லையைத் தாண்டினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

ஒரு வண்டியில் எத்தனை பேர்? ஆறு பேர் என்றால் எல்லோருக்கும் ஓரத்து இருக்கை. ஒன்பது, பத்து பேர் என்றால் யாராவது நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

தடம் பார்ப்பவர் தனியாக இருக்கிறாரா, அல்லது ரேஞ்சரே வண்டியும் ஓட்டி விலங்கையும் தேடுகிறாரா? என் அனுபவத்தில் இதுதான் பெரிய வேறுபாடு. வண்டியின் முன்மூக்கில், இடப்பக்கம் பொருத்திய ஒற்றை இருக்கையில் அமர்ந்திருப்பவர்தான் தடம் பார்ப்பவர். பெரும்பாலும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்த சோங்கா மக்களில் ஒருவராக இருப்பார். ஒரு விடியற்காலையில் எங்கள் வண்டியை அவர் கையுயர்த்தி நிறுத்தினார். இறங்கிக் குனிந்து மணலைப் பார்த்தார். தடத்தின் மேல் பனித்துளி சொட்டிய சிறு குழிகள் இருந்தால் விலங்கு இரவிலேயே போய்விட்டது, இல்லாவிட்டால் பனி நின்ற பிறகு சென்றிருக்கிறது என்று ரேஞ்சர் எங்களுக்கு விளக்கினார். சற்று நேரத்தில் தொலைவில் இம்பாலா ஒன்று தும்மல் போல எச்சரிக்கைக் குரல் கொடுத்தது. அவர் தலையைக் கூடத் திருப்பாமல் அந்தத் திசைக்குக் கை காட்டினார். பத்து நிமிடத்தில் மருலா மரத்தடியில் சிறுத்தையைப் பார்த்தோம். நாம் கொடுக்கும் பணத்தின் உண்மையான மதிப்பு அந்தக் கண்ணிலும் காதிலும்தான் இருக்கிறது.

எவ்வளவு செலவாகும்?

மலிவான பயணம் அல்ல. எளிய விடுதிகளில் தலைக்கு ஓர் இரவுக்கு ஐந்தாயிரம், ஆறாயிரம் ராண்டில் தொடங்கி, உயர்நிலை விடுதிகளில் முப்பதாயிரம் ராண்டையும் தாண்டிப் போகிறது. ஒரு ராண்ட் ஏறத்தாழ ஐந்து ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இதில் தங்குமிடம், மூன்று வேளை உணவு, நாளுக்கு இரண்டு சவாரி ஆகியவை அடங்கும். நுழைவாயில் கட்டணம், பாதுகாப்பு வரி, உள்நாட்டு விமானம், அன்பளிப்பு ஆகியவை பெரும்பாலும் தனி. காட்டும் விலை இருவர் ஓர் அறையைப் பகிர்வதற்கானது. தனியாகச் செல்பவருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, சில மாதங்களில் அதைத் தள்ளுபடி செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து எப்படிச் செல்வது?

சென்னையிலிருந்து துபாய், தோஹா, அடிஸ் அபாபா போன்ற ஊர்களில் மாறி ஜோகன்னஸ்பர்க் செல்லலாம். அங்கிருந்து காப்பகத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ஸ்குகூசா விமான நிலையத்துக்கோ, மொம்பேலா அருகிலுள்ள குரூகர் எம்புமலங்கா விமான நிலையத்துக்கோ உள்நாட்டு விமானம். ஸ்குகூசாவில் இறங்கினால் விடுதி வண்டி வந்து அழைத்துக்கொள்ளும். மற்றொன்று காரில் ஐந்தாறு மணி நேரப் பயணம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு, சாலையும் நன்றாக இருக்கும். கடைசிப் பகுதி மட்டும் மண்சாலை. இருட்டுவதற்குள் வாயிலை அடைந்துவிடும்படி கிளம்புங்கள். ஊர்ப்புறச் சாலைகளில் இரவில் மாடுகள் குறுக்கே நிற்கும். காப்பகத்துக்குப் பல வாயில்கள் உண்டு, உங்கள் விடுதிக்கு எது என்று முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறான வாயிலுக்குப் போனால் நெடுந்தூரம் சுற்ற வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். நடைமுறை மாறிவருவதால், திரும்பப் பெற முடியாத டிக்கெட்டுகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை.

பலர் கோட்டை விடும் ஒன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. தென்னாப்பிரிக்காவில் அந்த நோய் இல்லை. ஆனால் எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளின் விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ, வெளியே சென்று தங்கினாலோ சான்றிதழ் கேட்பார்கள். அந்த நாடுகளைச் சுற்றிவிட்டு இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். சான்றிதழ் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள்.

மலேரியா பயம் உண்டா?

உண்டு, ஆனால் அளவானது. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் அதிகம், குளிர்காலத்தில் மிகக் குறைவு. நம் ஊரிலும் மலேரியா இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அங்கே பரவுவது பெரும்பாலும் பால்சிபாரம் வகை, மூளையைத் தாக்கக்கூடியது. கிளம்புவதற்கு சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்குங்கள். அட்டோவகோன்-ப்ரோகுவானில் என்றால் திரும்பிய பிறகும் ஒரு வாரம் விழுங்க வேண்டும், டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம். மாலையில் முழுக்கைச் சட்டையும், கொசு விரட்டிக் களிம்பும் அவசியம். வீடு திரும்பிய பின் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா சென்றதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

தூக்க நோயைப் பரப்பும் செட்சீ ஈ இந்தப் பகுதியில் இல்லை. 1896, 1897-இல் வந்த பெரும் மாட்டுக் கொள்ளைநோயில் எருமைகளும் மான்களும் மடிந்தபோது, அவற்றின் ரத்தத்தை நம்பியிருந்த ஈக்களும் இங்கிருந்து மறைந்தன.

கருவுற்றவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் மலேரியா இல்லாத காப்பகங்களை நாடலாம். வடமேற்கு மாகாணத்தின் மடிக்வே, கிழக்குக் கேப்பின் ஷாம்வாரி ஆகியவை அத்தகையவை. மடிக்வே 75,000 ஹெக்டேர். மேய்ந்து தேய்ந்துபோன பண்ணை நிலத்தில் 1990-களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொண்டுவந்து விட்டு உயிர்ப்பித்த காடு அது.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

பல விடுதிகள் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சவாரிக்கு அனுமதிப்பதில்லை. சில விடுதிகள் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் சேர்த்துக்கொள்கின்றன. நடைப்பயணத்துக்குப் பெரும்பாலும் பதினாறு. குடும்பமாகச் சென்றால் தனி வண்டி கேளுங்கள், கூடுதல் செலவானாலும் உங்களுக்கும் பிறருக்கும் நிம்மதி. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துச் சென்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருப்பது நல்லது.

அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும்?

விடியும் முன்பே கதவைத் தட்டுவார்கள். கோடையில் ஐந்து மணிக்கு, குளிர்காலத்தில் ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். மூன்று மணி நேரச் சவாரி, நடுவில் திறந்த வெளியில் காபி. திரும்பியதும் காலை உணவு. விருப்பமுள்ளவர்கள் துப்பாக்கி ஏந்திய ரேஞ்சரோடு சிறிது தூரம் நடக்கலாம். நடந்தால்தான் சிறியவை தெரியும்: எறும்புத்திங்கி தோண்டிய குழி, சாணி வண்டு உருட்டும் உருண்டை, கழுதைப்புலியின் சுண்ணாம்பு போன்ற வெள்ளை எச்சம்.

நண்பகல் ஓய்வு. உறங்கிவிடுங்கள், விலங்குகளும் அதைத்தான் செய்கின்றன. மூன்றரை, நான்கு மணிக்கு மறுபடி சவாரி, பொழுது சாயும்போது ஏதாவது மேட்டில் நிறுத்திப் பானம். பிறகு விளக்கு வெளிச்சத்தில் திரும்பும் வழி. பகலில் நடமாடும் விலங்குகளின் கண்ணில் விளக்கடிக்க மாட்டார்கள், இரவில் அவை குருடாகி வேட்டைக்கு இரையாகிவிடும் என்பதால். இரவு உணவு நாணல் வேலி சூழ்ந்த போமாவில், நெருப்பைச் சுற்றி.

திறந்த வண்டியில் சிங்கத்தின் பக்கத்தில் நிற்பது ஆபத்து இல்லையா?

அமர்ந்திருக்கும் வரை வண்டியையும் மனிதர்களையும் சேர்த்து ஒரே உருவமாக விலங்கு பார்க்கிறது என்பது ரேஞ்சர்களின் விளக்கம். எழுந்து நின்றாலோ, கையை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் கலைகிறது. ஆகவே எழுந்திருக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, கீழே விழுந்த பொருளை எடுக்க இறங்கக் கூடாது.

நான் அதிகம் கவனமாக இருக்கச் சொல்வது விடுதியில்தான். பல விடுதிகளுக்குச் சுற்றுவேலி இல்லை. இருட்டிய பிறகு அறையிலிருந்து உணவுக்கூடத்துக்குக் காவலர் துணையின்றி நடக்கவே கூடாது. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் குரங்குகள் அறையைச் சூறையாடிவிடும்.

ஐந்து பெரிய விலங்குகளையும் பார்த்துவிடலாமா?

சிங்கம், சிறுத்தை, யானை, ஆப்பிரிக்க எருமை, காண்டாமிருகம் ஆகிய ஐந்தும் வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். நடந்து சென்று சுடுவதற்கு எவை மிகவும் ஆபத்தானவையோ அவற்றையே சேர்த்தார்கள். அழகுக்கோ அரிய தன்மைக்கோ அதில் இடமில்லை. சாபி சாண்டில் மூன்று நாளில் ஐந்தையும் பார்த்துவிடும் வாய்ப்பு மிக அதிகம்தான். ஆனால் முதல் சவாரியிலேயே பட்டியலை ரேஞ்சரிடம் நீட்டினால் அவர் அதை முடிப்பதற்கே வண்டியை விரட்டுவார். அவசரம் இல்லை, கிடைப்பதைப் பார்ப்போம் என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மலர்வது தெரியும்.

ஆப்பிரிக்கக் காட்டுநாயைக் கண்டால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதனோடு இருங்கள். நம் செந்நாய்க்குத் தூரத்து உறவு, உடலெங்கும் வண்ணம் தெறித்தது போல இருக்கும். கண்டம் முழுவதிலும் ஏறத்தாழ 6,600 மட்டுமே எஞ்சியிருக்கின்றன. கூட்டமாக எழுந்து, ஒன்றையொன்று முகர்ந்து கொஞ்சிவிட்டு வேட்டைக்குக் கிளம்பும் அந்த ஐந்து நிமிடங்கள் எனக்கு எந்தச் சிங்கத்தையும் விட மேலானவை.

புலியைக் கேட்காதீர்கள், ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது. சிவிங்கிப்புலி உண்டு, ஆனால் அடர்ந்த புதர்க்காடான இங்கே அது அரிது.

லட்சக்கணக்கான விலங்குகள் ஆற்றைக் கடக்குமே, அது இங்கேதானா?

இல்லை. அது தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மசாய் மாராவுக்கும் இடையே நடப்பது. மாரா ஆற்றைக் கடப்பது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை. அது வேறு பயணம்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், முன்பதிவின்போதே சொல்லிவிட்டால். வெறுமனே சைவம் என்று எழுதினால் முட்டையும் சில சமயம் மீனும் வரும். முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது, பாலும் தயிரும் ஆகும் என்று விளக்கமாக எழுதுங்கள். காட்டின் நடுவே இருக்கும் சமையலறைக்குக் காய்கறி வெளியிலிருந்து வர வேண்டும், வந்து இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் அதிகம் செய்ய முடியாது. பருப்பும் காய்கறிக் குழம்பும் தென்னாப்பிரிக்கச் சமையல்காரர்களுக்குப் புதியவை அல்ல.

டர்பனில் எங்களுக்கு உறவினர் இருக்கிறார்கள். அங்கிருந்து அருகில் ஏதாவது உண்டா?

1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் சென்றது முதல் டர்பன் தமிழர்களின் ஊர்களில் ஒன்று. அங்கே செல்பவர்கள் சாபி சாண்டுக்கு அலைய வேண்டியதில்லை. வடக்கே சில மணி நேரக் கார்ப் பயணத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்காவும், அதற்கு அப்பால் பிண்டா தனியார் காப்பகமும் இருக்கின்றன. 1895-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இம்ஃபொலோசியின் நிலத்தில்தான் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் முற்றிலும் அழிந்துபோகாமல் தப்பியது. குரூகரில் அது அடியோடு அழிந்திருந்தது. 1961 முதல் இங்கிருந்துதான் அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

ஆளுக்கொரு பைனாகுலர். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம், 8x42 அளவு போதும். ஒன்றை நான்கு பேர் கைமாற்றினால் நான்காமவர் வாங்குவதற்குள் பறவை பறந்துவிடும்.

காக்கி, பழுப்பு, சாம்பல் போன்ற மங்கிய நிற உடைகள். குளிர்காலத்தில் குல்லாய், கையுறை, கனமான மேற்சட்டை. சிறிய விமானத்தில் செல்வதாக இருந்தால் சக்கரப் பெட்டிக்குப் பதில் துணிப்பை, எடை பெரும்பாலும் இருபது கிலோவுக்குள். மின்சாரத்துக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை: நம் வீட்டில் குளிர்சாதனத்துக்கும் வெந்நீர்க் கருவிக்கும் பயன்படுகிற பெரிய மூன்று முனைப் பிளக்தான் அங்கே வழக்கம். ட்ரோனுக்கு அனுமதி இல்லை.

படங்களை உடனே பகிரலாமா?

காண்டாமிருகம் என்றால் தயவுசெய்து வேண்டாம். 2014-ஆம் ஆண்டில் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்றார்கள். படத்தோடு பதியும் இடக்குறிப்பு கொலைகாரனுக்கு வழிகாட்டியாகிவிடும். கைபேசியில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். பல காப்பகங்களில் கொம்பு நறுக்கிய காண்டாமிருகங்களைப் பார்ப்பீர்கள். நகம் வெட்டுவது போன்றதுதான், வலிக்காது, மீண்டும் வளரும். கொம்பில்லாத அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது, ஆனால் அதுதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது.

வழியில் சிங்கக்குட்டியைக் கொஞ்சலாம் என்கிறார்களே?

செய்யாதீர்கள். தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் அவை. வளர்ந்ததும் காட்டுக்குத் திரும்ப முடியாது. அடைத்து வைத்துச் சுடும் வேட்டைக்கும் எலும்பு வணிகத்துக்கும் போயிருக்கின்றன. அடைத்து வளர்க்கும் சிங்கத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அரசு அமைத்த உயர்நிலைக் குழுவே 2021-இல் பரிந்துரைத்தது. தொடவும் கூட நடக்கவும் அனுமதிக்கும் எந்த இடத்துக்கும் ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள்.

வேட்டையைப் பற்றியும் தெரிந்துகொண்டு செல்லுங்கள். சாபி சாண்டில் வேட்டை இல்லை. அதற்கு வடக்கே, அதே வேலியற்ற நிலப்பரப்பிலுள்ள டிம்பாவட்டி போன்ற சில காப்பகங்களில் அரசு அனுமதியோடு குறிப்பிட்ட எண்ணிக்கையில் நடக்கிறது, காவல் செலவுக்கு அந்த வருவாய் தேவை என்பது அவர்கள் வாதம். உங்களுக்கு ஏற்பில்லை என்றால் முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்தப் பணத்தில் உள்ளூர் மக்களுக்கு ஏதாவது போகிறதா?

கேட்க வேண்டிய கேள்வி. காப்பகத்தின் மேற்கு வேலிக்கு வெளியே புஷ்பக்ரிட்ஜ் வட்டாரத்தின் நெருக்கமான ஊர்கள். அங்குள்ள பலரின் முன்னோர் இந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, 1994-இல் வந்த நில மீட்புச் சட்டத்தின்படி அவர்கள் உரிமை கோரினார்கள். மாலா மாலா நிலத்தை அரசு ஏறத்தாழ 100 கோடி ராண்டுக்கு வாங்கி ந்வாண்ட்லமாரி சமூகத்திடம் ஒப்படைத்தது. விடுதி அவர்களோடு கூட்டாகத் தொடர்கிறது. எத்தனை பணியாளர்கள் அந்த ஊர்களைச் சேர்ந்தவர்கள், ரேஞ்சர்களாக எத்தனை பேர் உயர்ந்திருக்கிறார்கள் என்று நீங்கள் முன்பதிவு செய்யும் விடுதியிடம் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் விடுதிக்கே நான் போவேன்.

அன்பளிப்பு எவ்வளவு கொடுப்பது?

கட்டாயம் இல்லை, ஆனால் வழக்கம். ரேஞ்சருக்கு ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 300 ராண்ட் வரை, தடம் பார்ப்பவருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்கிறார்கள். நான் இருவருக்கும் சமமாகவே கொடுத்திருக்கிறேன். தனித்தனி உறையில், கடைசி நாள், கையில். சமையலறை, அறைப் பணியாளர்களுக்குப் பொதுப் பெட்டி இருக்கும்.

கடைசி நாள் காலைச் சவாரியை விட்டுவிட்டுக் கிளம்பலாமா?

வேண்டாம். முன்னிரவே பெட்டியைக் கட்டி வைத்துவிடுங்கள். காலைச் சவாரி ஒன்பது மணி போல முடிந்துவிடும், நண்பகல் விமானத்துக்குத் தாராளமாக நேரம் இருக்கும். என் இரண்டாவது பயணத்தில் எல்லோரும் களைத்து, போகலாமா வேண்டாமா என்று தயங்கிய அந்தக் கடைசிக் காலையில்தான், சாண்ட் ஆற்றின் வறண்ட மணலில் பதினோரு காட்டுநாய்கள் வரிசையாக ஓடிவந்து எங்கள் வண்டியின் இருபுறமும் பிரிந்து சென்றன.